“பி.எஃப். வேண்டாம், கையில் கொடுங்கள்” என்கிறார்கள். எப்படி மறுப்பது?

கேள்வி:

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் சின்ன பனியன் கம்பெனி எங்களுடையது. அப்பாவும் நானும் பார்ட்னர்கள். மொத்தம் 34 பேர் வேலை செய்கிறார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து ஒரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பள விஷயத்தில் ஆட்கள் கேட்பதுதான் பெரிய தலைவலி. புதிதாகச் சேர்ந்த டைலர்கள் ஏழு பேர், “பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் பிடிக்க வேண்டாம், முழுசாகக் கையில் கொடுங்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்” என்கிறார்கள். இல்லையென்றால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்களாம். செக்கிங்கில் ஒன்பது வருடமாக இருக்கும் ஓர் அக்கா, மகளுடைய காலேஜ் ஃபீஸுக்காக, தான் வேலையை விட்டுவிட்டதாக பி.எஃப். கணக்கில் தேதி போட்டுத் தரச் சொல்கிறார். ஆனால் வேலையை விடப் போவதில்லை. கட்டிங் மாஸ்டருக்குச் சம்பளம் 38,000. மனைவியோடு கோர்ட்டில் ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது. 18,000 மட்டும் பேங்கில் போட்டுவிட்டு மீதியைக் கையில் கேட்கிறார். சூப்பர்வைசர் ஒருவர் வீட்டு லோனுக்காக, 22,000 சம்பளத்தை 32,000 என்று காட்டி பே ஸ்லிப் கேட்கிறார். பழைய ஆட்கள் என்னை அரை டிராயர் போட்ட வயதிலிருந்து பார்த்தவர்கள். அப்பா காலத்தில் இப்படி ஒன்றிரண்டு செய்து கொடுத்தும் இருக்கிறோம். இப்போது நான் மாட்டேன் என்றால் மனசு கோணுமே, எப்படிச் சொல்வது?

பதில்:

“கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்” என்று ஏழு பேரும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையெழுத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திருப்பூரில் 22 வருடமாகச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கம்பெனிக்கு பி.எஃப். அமலாக்க அதிகாரி வந்திருந்தார். முன்பு அங்கே வேலை செய்த ஓவர்லாக் டைலர் ஒருவர் ஓனரோடு சண்டை போட்டுக்கொண்டு போய், தனக்கு மூன்று வருடமாக பி.எஃப். கட்டவில்லை என்று புகார் கொடுத்திருந்தார். ஓனர் அசரவில்லை. பீரோவைத் திறந்து 20 ரூபாய் பத்திரம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். “எனக்கு பி.எஃப். வேண்டாம், முழுச் சம்பளத்தையும் ரொக்கமாகப் பெற்றுக்கொள்கிறேன்” என்று அந்த டைலரே எழுதி, சேர்ந்த தேதியும் போட்டு, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு கொடுத்த பத்திரம் அது. அதிகாரி நிதானமாகப் படித்தார். ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். அந்த டைலர் அங்கே வேலை செய்தார், எந்தத் தேதியிலிருந்து செய்தார், சம்பளம் வாங்கினார், பி.எஃப். பிடிக்கவில்லை ஆகிய நான்கையும் ஓனரே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. புகார் கொடுத்தவரிடம்கூட அவ்வளவு நல்ல சாட்சி இருந்திருக்காது.

பி.எஃப். தொழிலாளியும் முதலாளியும் பேசி வைத்துக்கொள்ளும் விஷயம் இல்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப்., 10 பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு என்பது சட்டம் போட்ட கடமை. அது வேண்டாம் என்று தொழிலாளி எழுதிக் கொடுப்பது சட்டத்துக்கு முன் செல்லாது. உங்களிடம் 34 பேர். அதனால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாகச் சேரும்போதே பி.எஃப். கணக்கில் வரும் சம்பளம் 15,000-க்கு மேல், இதற்கு முன் எங்கேயும் பி.எஃப். உறுப்பினராக இருந்ததில்லை என்றால், அவர் சேராமல் இருக்கலாம். அதற்கு படிவம் 11-இல் உறுதிமொழி வாங்க வேண்டும். ஏற்கெனவே யு.ஏ.என். எண் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருப்பவருக்கு இந்த வழி கிடையாது. உங்கள் ஏழு டைலர்களும் வேறு கம்பெனிகளில் தைத்துவிட்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அப்படியானால் அநேகமாக எல்லாருக்கும் பழைய எண் இருக்கும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு டைலரின் மாதச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து பி.எஃப். 12 சதவீதம் 1,800, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 113, ஆக 1,913 ரூபாய் பிடிக்கிறீர்கள். உங்கள் பங்கு பி.எஃப். 1,800, காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து 150, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 488, ஆக 2,438. “அவர்களாகத்தான் கேட்கிறார்கள்” என்று எழுதும் ஓனர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: அவர் 1,913 கேட்கிறார் சரி, அதோடு உங்களுக்கும் 2,438 மிச்சமாகிறதே, அது எங்கே போகிறது? உங்களைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. அந்த மிச்சம் இருக்கும் வரை உங்கள் வாயிலிருந்து “முடியாது” என்ற வார்த்தை அழுத்தமாக வராது. ஆட்களும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கில் போடுங்கள். பத்து பேருக்கு மூன்று வருடம் கட்டவில்லை என்று வையுங்கள். இரண்டு பங்கும் காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து ஆளுக்கு மாதம் 3,750. பத்து பேருக்கு 37,500. மூன்று வருடத்துக்கு 13,50,000. இதில் தொழிலாளியின் பங்கும் அடக்கம்தான். ஆனால் அந்த மாதச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்டதைப் பின்னால் அவரிடம் வசூலிக்க முடியாது. அதுவும் உங்கள் தலையில்தான். இதற்கு மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, அதற்கும் மேல் அபராதம். அந்த ஓவர்லாக் டைலர் ஓனரின் கையில் வாங்கிய பணம் போக, பி.எஃப். பணத்தையும் முழுதாக வாங்கிக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சேர வேண்டியதைத்தான் அவர் வாங்கினார்.

சரி, டைலர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? பணத்தட்டுப்பாடு ஒரு காரணம். வாரச் சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த வாரத்துச் செலவுதான் கணக்கு. ஆனால் என்னிடம் மனம்விட்டுப் பேசியவர்கள் சொன்ன காரணங்கள் வேறு இரண்டு.

முதலாவது, “ரெண்டு பக்கமும் எங்க காசுதானுங்க.” சில கம்பெனிகளில் ஷிப்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார்கள். அப்புறம் முதலாளி பங்கையும் அதே கூலியிலிருந்து கழிக்கிறார்கள். இது சட்டப்படி தப்பு. முதலாளி பங்கைக் காரணம் காட்டித் தொழிலாளியின் கூலியைக் குறைக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஓர் இடத்திலிருந்து வந்தவர் பி.எஃப். என்றாலே முகம் சுளிப்பது நியாயம்தானே? உங்கள் சம்பளப் பட்டியலை எடுத்து முதலில் இதைச் சரிபாருங்கள். அப்பா காலத்தில் யாராவது அப்படி ஆரம்பித்து வைத்திருந்தால் இந்த மாதமே நிறுத்துங்கள்.

இரண்டாவது, “பிடிச்ச பணம் கைக்கு வராதுங்க.” இதுவும் பொய் இல்லை. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் இன்னொரு பெயர், பிறந்த தேதியில் வருடம் மட்டும், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வீட்டுக்காரர் பெயர், இரண்டு கம்பெனியில் இரண்டு யு.ஏ.என். இப்படி இருந்தால் விண்ணப்பம் திரும்பித் திரும்பி வரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைப்பவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். ஊருக்குப் போய்விட்டால் யாரிடம் கேட்பார்கள்? சில திருத்தங்களைத் தொழிலாளியே ஆன்லைனில் செய்துகொள்ளலாம். சிலவற்றுக்கு முதலாளியின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலுக்குத் தேவையான உங்கள் டிஜிட்டல் கையெழுத்து இப்போது எங்கே இருக்கிறது? நூற்றுக்குத் தொண்ணூறு கம்பெனிகளில் அது ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில், ரப்பர் பேண்ட் போட்ட பத்து பென் டிரைவ்களில் ஒன்றாகக் கிடக்கும். தொழிலாளி இரண்டு மாதம் அலைந்துவிட்டு, இனிமேல் பி.எஃப். உள்ள கம்பெனியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுவார்.

ஆகவே ஏழு பேரையும் வரிசையாக நிற்க வைத்துச் சட்டம் பேசாதீர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். அவர் போனிலேயே உமங் செயலியைத் திறந்து பி.எஃப். பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் தங்கள் பாஸ்புக்கைப் பார்த்ததே இல்லை. முந்தைய கம்பெனியில் 40,000 கிடப்பதைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடும். உங்களிடம் 15,000 சம்பளத்தில் வேலை செய்தால், அவர் பங்கு 1,800-ஓடு உங்கள் பங்கில் 550 சேர்ந்து மாதம் 2,350 அந்தப் பாஸ்புக்கில் ஏறும், மீதி 1,250 பென்ஷனுக்குப் போகும் என்று எண்களாகவே சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ.க்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது. டைலர்களில் பெண்கள் இருந்தால், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாள் கட்டியிருந்தால் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம் வரும் என்று சொன்னால் போதும். ஆண்களுக்கு பைக் விபத்தைச் சொல்லுங்கள். வேலைக்கு வரும் வழியிலும் வேலை முடிந்து போகும் வழியிலும் நடக்கும் விபத்துகூட, வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் பட்ட காயமாகக் கணக்காகும். ஆள் போய்விட்டால் குடும்பத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம் உதவித்தொகையாக வரும். நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலையில் பல்லடம் ரோட்டில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது கதை இல்லை.

இவ்வளவு சொல்லியும் ஒன்றிரண்டு பேர் போவார்கள். போகட்டும். சீசன் முடிந்ததும் அந்தப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து திரும்பி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் வருகை போனஸ் கொடுங்கள், கூலியை ஐந்து பத்து ஏற்றுங்கள். அதையும் பட்டியலில் ஏற்றிக் கொடுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: பி.எஃப். குறைவதற்காகச் சம்பளத்தை அந்தப் படி, இந்தப் படி என்று துண்டு போடுவது. எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படிகள் அடிப்படைச் சம்பளத்தில்தான் சேரும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியைச் சம்பளமாகவே எடுத்துக்கொள்கின்றன.

பையர் (துணி வாங்கும் பெரிய கம்பெனி) ஆர்டர் செய்கிறவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. பையர் தரப்பில் ஆடிட் செய்ய வருகிறவர்கள் வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். ஒருமுறை ஒரு பெண் ஆடிட்டர், ஊசி உடைந்தால் எழுதும் பதிவேட்டைக் கேட்டார். உடைந்த ஊசித் துண்டுகளை செல்லோ டேப்பில் ஒட்டி, தேதியும் டைலர் பெயரும் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டியலிலேயே இல்லாத ஒரு டைலரின் பெயர். அன்றைக்குக் கம்பெனி லீவு என்று வருகைப் பதிவேடு சொன்னது. அந்த ஆர்டர் என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து கட்டிங் மாஸ்டர். மற்றவர்கள் கேட்பதைவிட இதில்தான் உங்களுக்கு ஆபத்து அதிகம். நல்ல மாஸ்டர் கிடைப்பது கஷ்டம் என்பதால் இதில்தான் நீங்கள் வழுக்கவும் கூடும்.

அவர் கேட்பது சம்பளத்தைப் பிரித்துத் தருவது போலத் தெரிகிறது. உண்மையில் கோர்ட்டில் சொல்லப்போகும் பொய்க்கு உங்கள் ரெக்கார்டை ஆதாரமாகக் கேட்கிறார். ஜீவனாம்ச வழக்குகளில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழிமுறை கொடுத்தது. மாஸ்டர் மனைவியின் வக்கீல், சம்பளப் பதிவேட்டோடு உங்களைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிடச் சொல்லி மனுப் போட்டால் நீங்கள் போய் நிற்க வேண்டியதுதான். போன வருடம் 38,000, இந்த வருடம் 18,000, அதே மாஸ்டர், அதே டேபிள். ஜட்ஜ் என்ன கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த 20,000 எங்கிருந்து வரும் என்று இன்னொரு கேள்வி இருக்கிறது. கணக்கில் இல்லாத செலவு என்றால் கணக்கில் அது செலவே இல்லை. வருடத்துக்கு 2,40,000. உங்களுடையது பார்ட்னர்ஷிப் நிறுவனம் என்பதால் அந்தத் தொகைக்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் நீங்கள் கட்டுவீர்கள். 74,880 ரூபாய். மாஸ்டரின் குடும்பத் தகராறுக்கு நீங்கள் கொடுக்கும் மொய் அது. அதைக் கட்டாமல் தப்பிக்க நினைத்தால், பொய் ஜாப் ஒர்க் பில் தேடுவீர்கள், அப்புறம் அந்தப் பில்லுக்கு ஜி.எஸ்.டி... வேண்டாம், அந்தச் சந்துக்குள் நுழையவே வேண்டாம்.

நாளைக்கே கோர்ட்டிலிருந்து சம்பளத்தைப் பிடித்தம் செய்யச் சொல்லி உத்தரவு வரலாம். வந்தால் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்படியே பிடித்து அனுப்ப வேண்டும். ஜீவனாம்ச உத்தரவில்கூட சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை அவருக்கு விட்டு வைக்கச் சொல்லித்தான் சட்டம் இருக்கிறது. முழுச் சம்பளமும் போய்விடும் என்று அவர் பயந்துகொண்டிருந்தால் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். உத்தரவை நீங்கள் மதிக்காமல் முழுச் சம்பளத்தையும் அவரிடமே கொடுத்தால், அந்தத் தொகையை உங்களிடமே கேட்க கோர்ட்டுக்கு வழி உண்டு.

அவரிடம் எப்படிப் பேசுவது? வேலை முடிந்து கட்டிங் டேபிளில் யாரும் இல்லாத நேரத்தில் பேசுங்கள். “மாஸ்டர், உங்க வீட்டு விஷயத்தில் யார் பக்கம் நியாயம்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனா கம்பெனி ரெக்கார்டுல கை வைக்க மாட்டேன். வாய்தாவுக்குப் போகணும்னா லீவு எடுத்துக்கங்க, நான் சமாளிச்சுக்கறேன்.” இவ்வளவு போதும். அவருடைய அம்மா அப்பாவின் மருந்துச் செலவு, கட்டிக்கொண்டிருக்கும் கடன் எல்லாவற்றையும் கோர்ட்டில் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதை ஒழுங்காக எடுத்துச் சொல்ல நல்ல வக்கீல் வேண்டும், சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் காகிதம் அந்த வேலையைச் செய்யாது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கச் சொல்லுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி உண்டு.

சூப்பர்வைசர் விஷயம் சின்னது. 32,000 என்று பே ஸ்லிப் கொடுத்தாலும் பேங்கில் பாஸ்புக், பி.எஃப். பாஸ்புக், படிவம் 16 எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதல் மேஜையிலேயே மாட்டும். தப்பித் தவறி லோன் கிடைத்து, அப்புறம் தவணை நின்றால், அந்தக் காகிதத்தில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது. வங்கியை ஏமாற்றக் காகிதம் தயாரித்துக் கொடுத்தது கிரிமினல் குற்றம். ஆனால் உண்மையாகவே அவருக்கு உதவ ஒரு வழி இருக்கிறது. அவருக்கு ஓவர்டைம், தீபாவளி போனஸ், ஊக்கத்தொகை என்று வருடத்தில் எவ்வளவு போகிறது என்று கூட்டிப் பாருங்கள். அவை பேங்க் மூலம் போயிருந்தால், போன 12 மாதத்தில் மொத்தம் இவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுக்கலாம். மாதம் 22,000 என்று நினைத்த சம்பளம் சராசரியில் 25,000-ஐத் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால் இருவர் பெயரிலும் சேர்த்து லோன் கேட்கச் சொல்லுங்கள்.

சில மாதங்களில் இதற்கு நேர் எதிரான கோரிக்கையும் உங்களிடம் வரும். தனியார் பள்ளியில் கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் 25 சதவீத இடத்துக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதற்காகச் சம்பளத்தைக் குறைத்து சர்ட்டிஃபிகேட் கேட்பார்கள். பதில் ஒன்றுதான். என்ன கொடுக்கிறோமோ அதைத்தான் எழுதுவோம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திருப்பூரில் இது அடிக்கடி வரும். “என் ஆதார்ல பிரச்சினைங்க, அக்கா ஆதார்ல சேர்த்துக்கங்க” என்று ஒரு பெண் வந்து நின்றால் சம்பளப் பட்டியலை மூடிவிட்டு அந்தப் பெண்ணின் வயதைப் பாருங்கள். பல நேரம் ஆதாரில் கோளாறே இருக்காது, வயதுதான் கோளாறாக இருக்கும். அக்கா பெயரில் சேர்ந்தவளுக்கு மெஷினில் கை மாட்டினால் இ.எஸ்.ஐ. யாருக்கு வைத்தியம் பார்க்கும்? இதில் மட்டும் காரணம் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். மறுத்து அனுப்புங்கள்.

“முடியாது” என்று சொல்வதைப் பற்றி ஒன்று. நம் ஊரில் “பார்க்கலாம்” என்றால் பாதிச் சம்மதம். அப்பா காலத்து ஆட்களுக்கு உங்களுடைய “பார்க்கலாங்க அண்ணா” என்பது “அடுத்த வாரம் கேளு” என்றுதான் காதில் விழும். அதுவும் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால், நீங்கள் போட்ட “சரி பார்த்துக்கலாம்” என்ற இரண்டு வார்த்தை மூன்று வருடம் கழித்து ஸ்கிரீன்ஷாட்டாக வந்து நிற்கும். கேட்ட அன்றைக்கே, சிரித்த முகத்தோடு, “இது முடியாது, வேற என்ன வேணும்னு சொல்லுங்க” என்று சொல்லிவிடுங்கள். பாதிப் பேருக்கு வேண்டியது அந்த வாரத்துக்கு ஐந்தாயிரம் ரூபாய்தான். அதை முன்பணமாகக் கொடுப்பதில் எந்தத் தப்பும் இல்லை. முன்பணம் என்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், தவணையாகப் பிடியுங்கள், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடத்துக்கு ஒரு சின்னத் தொகையை முன்பணத்துக்கென்றே ஒதுக்கி வைத்தால், உங்களிடம் வரும் தப்பான கோரிக்கைகள் தானாகக் குறையும்.

அப்பா காலத்தில் செய்ததை நினைத்து இப்போது கூச்சப்பட வேண்டாம். யாராவது “பெரியவர் செய்து கொடுத்தாரே” என்றால், “அப்போ எல்லாம் நோட்டுல இருந்துச்சு, இப்போ எல்லாம் ஆதாரோட கட்டியிருக்கு” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. விட்டுப்போன பழைய பாக்கி ஏதாவது இருந்தால், யாராவது வந்து கேட்கும் முன் உங்கள் ஆடிட்டரையும் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

கடைசியாக செக்கிங் அக்கா. உங்கள் கடிதத்தில் எனக்கு மனசு இளகிய இடம் இதுதான்.

ஒன்பது வருடம். இன்னும் ஒரு வருடம் பி.எஃப். கட்டினால் பத்து வருடம் ஆகி, 58 வயதில் அவருக்கு மாதாந்திரப் பென்ஷன் உறுதியாகிவிடும். அவருடைய சம்பளம் 14,000 என்று வைத்தால், 14,000-ஐப் பத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 2,000 ரூபாய். அதற்குப் பிறகு வேலை செய்யும் ஒவ்வொரு வருடத்துக்கும் 200 ரூபாய் ஏறும். இப்போது வேலையை விட்டதாகத் தேதி போட்டு, பி.எஃப்.-ஓடு பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால், அந்த ஒன்பது வருடமும் பூஜ்யம். முதலிலிருந்து எண்ண வேண்டும். இதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் யாரோ இப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டிருப்பார்.

பொய்யாகத் தேதி போட்டால் அதை மறைப்பதும் லேசில்லை. பி.எஃப்.-இல் அவர் வேலையை விட்டுவிட்டார், இ.எஸ்.ஐ.-இல் அதே மாதம் 26 நாள் வேலை செய்திருக்கிறார். இரண்டும் ஒரே ஆதாரில் உட்கார்ந்திருக்கிறது. சரி, இ.எஸ்.ஐ.-யையும் நிறுத்திவிடலாம் என்றால், அந்த இடைவெளியில் அவர் கம்பெனி படிக்கட்டில் வழுக்கி விழுந்தால் வைத்தியச் செலவும் நஷ்டஈடும் உங்களுடையது.

வேலையில் இருந்துகொண்டே பிள்ளைகளின் மேல்படிப்புக்காக பி.எஃப்.-இலிருந்து முன்பணம் எடுக்க அவருக்கு வழி இருக்கிறது. ஒன்பது வருட உறுப்பினருக்குத் தகுதி வரும். எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவர் கணக்கிலேயே பார்க்கலாம். பென்ஷன் சேவைக்குப் பாதிப்பு இல்லை, பொய்யும் இல்லை. அவருடைய பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு மூன்றும் ஆதாரோடு ஒத்துப் போகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கேதான் பாதி விண்ணப்பம் சிக்கும். பணம் வரும் வரை ஃபீஸ் கட்டும் கடைசித் தேதி காத்திருக்காது என்றால், அந்த இடைவெளிக்கு மட்டும் கம்பெனியிலிருந்து முன்பணம் கொடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. திங்கட்கிழமை காலையில் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய் உங்கள் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் பென் டிரைவைக் கேட்டு வாங்கி வாருங்கள். காலாவதித் தேதியையும் அங்கேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.